வண்டியா, ஓட்டையா?

எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் வருடக்கணக்கில் நடந்தது. மற்ற வீடுகளில் அண்ணன் தம்பி வரப்புக்காகவும் வேலிக்காகவும் முறைத்துக்கொள்வார்கள். எங்கள் நைனாவும் சித்தப்பாவும் முறைத்துக்கொண்டது, கார் பந்தயத்தில் ஜெயிப்பது காரா, அதை ஓட்டுகிறவனா என்பதற்காக. உத்திரமேரூரில் அன்றைக்குச் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நாங்கள் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள், அதுவும் தெருமுனை போவதற்குள் இரண்டு தடவை செயின் கழன்றுவிடும்.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. எங்கள் நைனா தனியார் பஸ் டிரைவர். உத்திரமேரூரில் புறப்பட்டு மானாமதி, பெருநகர் வழியாகக் காஞ்சிபுரம் போய்த் திரும்பும் வண்டி. அதே முதலாளியின் ஷெட்டில் சித்தப்பா மெக்கானிக். அண்ணன் கெடுத்துக்கொண்டு வந்ததைத் தம்பி சரி செய்வார், தம்பி சரி செய்ததை அண்ணன் குறை சொல்வார். அவர்கள் அம்மா அப்பா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்தவர்கள். எங்கள் தெருவில் முதன்முதலாக ஹெவி லைசென்ஸ் வாங்கியவர் நைனா. அந்த லைசென்ஸை அம்மா சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருப்பாள். காலையில் நைனா அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியே சாமியையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்.

வாக்குவாதம் பிறந்த இடம் சோழவரம். மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட பாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அதில் கார் பந்தயம் வைப்பார்கள். அந்த ஒரு நாள் லீவுக்காக அண்ணனும் தம்பியும் மாதக்கணக்கில் முதலாளிக்குச் சலாம் போடுவார்கள். நான் ஆறாவது படிக்கும்போது, அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காகப் பழையசீவரம் போயிருந்தாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு அங்கே முதலில் ஒன்றும் பிடிக்கவில்லை. நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது. பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தது நான் ஒருத்திதான் போலிருந்தது. வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வண்டி வருவது தெரியும், போவது தெரியும், நடுவில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் கத்தினார்கள். எதற்கென்று புரியாமலே நானும் கத்தினேன். கத்துவது என்றால் எனக்கு அந்த வயதிலேயே பிடிக்கும்.

அன்றைக்குத் தாழ்வான ஒரு சிவப்பு வண்டி ஓடிற்று. அதை ஓட்டியவர் முதல் பந்தயத்தில் ஜெயித்தார், இரண்டாவதிலும் ஜெயித்தார். மற்ற வண்டிகள் எல்லாம் அவருக்குப் பின்னால் வழி கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி வந்தன.

"அந்த வண்டில என்ன குந்த வெச்சாலும் நான் ஜெயிப்பேன்" என்றார் சித்தப்பா. "இன்ஜின் சத்தத்த கேட்டியாண்ணா? அதான் ஓட்டுது. அவன் சும்மா குந்திக்கினு கீறான்."

"ஒன்ன குந்த வெச்சா மொத வளைவுலயே வைக்கோலுக்குள்ள போயி சொருவிக்கினு இருப்ப" என்றார் நைனா. "வளைவுல அவன் காலு இன்னா வேல செய்யிதுன்னு பாருடா. பிரேக்க தொடவேயில்ல அவன்."

மூன்றாவது பந்தயத்துக்கு முன்னால் சிவப்பு வண்டியிலிருந்து புகை வந்தது. தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆள் சும்மா இருக்கவில்லை. சிநேகிதர் ஒருவருடைய வண்டியை வாங்கி, அதில் ஏறிக்கொண்டார். ஊரில் பார்க்கிற சாதாரண வண்டி, கதவு கூட ஒழுங்காக மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். அந்த வண்டியில் அவர் இரண்டாவதாக வந்தார்.

வந்ததுதான் தாமதம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

"பாத்தியா! கயிறு கட்டன வண்டியிலயும் ரெண்டாவது வந்தான் பாரு!"

"பாத்தியா! வண்டி மாறனதும் மொதல்ல வர முடில பாரு!"

நடந்தது ஒன்று. அதை வைத்து இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாம்பரம் தாண்டியும் ஓயவில்லை, செங்கல்பட்டு தாண்டியும் ஓயவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பி, "இன்னாய்யா பேஜாரு, அந்த ஆளு ஒங்களுக்கு இன்னா மாமனா மச்சானா?" என்று கேட்டார். நான் அன்றைக்கே நைனா கட்சியில் சேர்ந்துவிட்டேன். அவர் சொன்னது சரியா தவறா என்று யோசித்துச் சேரவில்லை. அவர் என் நைனா, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால், அதற்குக் காரணமும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய பஸ். அதைப் பஸ் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். இரண்டாவது கியர் போட்டால் நிற்காது, நழுவி வெளியே வந்துவிடும். அதனால் கியர் ராடை இடது முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். வண்டி எந்நேரமும் இடது பக்கம் இழுக்கும். அதை வலது கையால் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடித்து நேராக வைத்திருக்க வேண்டும். பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும். சித்தப்பாவைக் கேட்டால், "பார்ட்ஸ் வாங்கித் தரச் சொல்லு, ஒரு நாள்ல மாத்திடறேன். கைய வெச்சா மாத்த முடியும்?" என்பார்.

அந்த வண்டியோடுதான் நைனா, ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பிப் போகிற இன்னொரு கம்பெனி பஸ்ஸைப் பெருநகருக்குள் பிடித்துவிடுவார். விரட்டிக்கொண்டு போக மாட்டார். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்பார்கள், யார் மூட்டையோடு வருவார்கள், எந்த மேட்டுக்கு எங்கிருந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். பாலாற்றுப் பாலம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளர்ந்து போய்ப் பாலத்தில் ஏறும், பிரேக்குக்கு வேலையே இருக்காது. முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, "அந்தாளு வண்டி வரட்டும்" என்று நிற்கிற ஜனங்களை நானே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

நான் பார்க்காததும் ஒன்று இருந்தது. பார்க்காதது என்று சொன்னால் பொய். தினமும் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவருடைய வலது தோளில் ஒத்தடம் கொடுப்பாள். சட்டையைக் கழற்ற அவருக்கு ஒரு கை உதவி வேண்டும். ஆணியில் சட்டையை மாட்டக் கை மேலே போகாது. "வெளிய எவன்கிட்டயும் மூச்சு வுடாத" என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். கை சரியில்லை என்று தெரிந்தால் எந்த முதலாளி டிரைவராக வைத்துக்கொள்வான்? சித்தப்பாவுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

நான் பிளஸ் டூ படிக்கும் வருஷம் முதலாளி புது பஸ் ஒன்று எடுத்தார். உத்திரமேரூர்–மெட்ராஸ் எக்ஸ்பிரஸ். கரூரில் பாடி கட்டி மார்கழியில் ஷெட்டுக்கு வந்து நின்றது. அதைப் பார்க்க ஊரே போயிற்று. நைனா சாயங்கால நடையை ஓட்டி முடித்து வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு அதில் ஏறினார். கோயிலுக்குள் போகிற மாதிரி இருந்தது. சீட்டில் உட்கார்ந்து, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் போட்ட இடத்தில் நின்றன. அன்றைக்கு வீட்டில் அம்மாவிடம், "தோ, இப்டித் தொட்டா திரும்புது. அத்த ஓட்டனா எனக்குப் பத்து வயசு கொறஞ்சிடும்" என்றார்.

அவர் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் போனாலும், "எதுனா ஒண்ணு எடு" என்பவர். அந்த மனுஷன் முதலாளியிடம் போய், "புது வண்டிய எனக்குக் குடுங்க மொதலாளி" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு வந்தார். ஷெட்டில் அவரைத் தவிர இன்னொரு டிரைவர்தான் எக்ஸ்பிரஸுக்குத் தகுதியானவர், நைனாவைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நல்ல பையன். மூத்தவருக்குத்தான் கிடைக்கும் என்று டீக்கடையில் எல்லாரும் சொன்னார்கள். "பொங்கல் கழிச்சி சொல்றேன்" என்றார் முதலாளி.

அந்தப் பொங்கலுக்குத்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

காணும் பொங்கலன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேடை போட்டுப் பட்டிமன்றம் நடக்கும். பந்தலும் மைக்கும் எங்கள் முதலாளி உபயம். நடுவர், எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழையா. வருஷா வருஷம் இன்பம் தருவது சேமிப்பா செலவா, சிறந்தது கல்வியா செல்வமா என்று அதே பருப்பு, அதே கடைசல். அந்த வருஷம் தமிழையா புதிதாக ஏதாவது செய்ய ஆசைப்பட்டார். நைனாவும் சித்தப்பாவும் டீக்கடையில் போடும் சண்டையைத் தினமும் கேட்டவர் அவர். புது பஸ் வந்த வருஷம், முதலாளிக்கும் பிடிக்கும். மோட்டார் பந்தயத்தில் வெற்றி தருவது வண்டியா, ஓட்டியா என்று தலைப்பு வைத்தார். ஓட்டுநர் என்று எழுதியிருந்தால் தொல்லை இல்லை. அடுக்காக வரட்டும் என்று 'ஓட்டியா' என்று எழுதிக் கொடுத்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அப்படி ஒரு வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. ஐயாதான் தப்பாக எழுதிவிட்டார் என்று அவரே திருத்திவிட்டார். நோட்டீஸ் ரோஜா நிறத் தாளில் வந்தது: 'மோட்டார் பந்தயத்தில் வெற்றி தருவது வண்டியா? ஓட்டையா?'

ஊர் மூன்று நாள் சிரித்தது. தமிழையா ஒவ்வொரு நோட்டீஸாகப் பேனாவால் திருத்தப் பார்த்து, நூறைத் தாண்டியதும் கை ஓய்ந்து விட்டுவிட்டார். சித்தப்பா ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்து எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார். "அண்ணா, ஒன் கட்சிக்கு இன்னா பேரு வெச்சிருக்கான் பாரு. ஓட்ட!"

ஓட்டை அணிக்கு, அதாவது ஓட்டி அணிக்கு, நான் தலைவி. எதிரணித் தலைவர் உரக்கடையில் வேலை பார்த்த ஒரு இளைஞர். சித்தப்பா மேடை ஏறினால் வேர்த்துக் கொட்டும், அதனால் ஏறவில்லை. தனக்குத் தெரிந்த இன்ஜின் விவரம் எல்லாவற்றையும் எழுதி அந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டார். எழுதியது எங்கள் வீட்டில் உட்கார்ந்து. எழுதிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

மேடையில் என்னைப் பிடிக்க முடியவில்லை. சோழவரத்தில் கயிறு கட்டிய கதவோடு இரண்டாவது வந்தவரைச் சொன்னேன். உரக்கடை இளைஞர் குதிரைச் சக்தி, சிலிண்டர் என்று சித்தப்பா எழுதியதை ஒப்பித்தபோது, "ஐயா, சிலிண்டருக்கு வளைவு எங்கே வருகிறது என்று தெரியுமா?" என்று கேட்டேன். விசில் பறந்தது. விசில் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கடைசி மணி அடிக்கும்போது எனக்கு நைனா ஞாபகம் வந்தது. இல்லை, அவர் ஞாபகம் காலையிலிருந்தே இருந்தது, அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன்.

"நடுவர் அவர்களே, சோழவரம் எதற்கு? நம் ஊரிலேயே ஒரு வண்டி இருக்கிறது. அதில் கியர் நிற்காது, பிரேக் பிடிக்காது, நேராக ஓடாது. ஆனால் அது ஒரு நாளாவது நேரம் தவறி வந்ததுண்டா? முந்திப் போகிற புத்தம் புதிய வண்டிகள் அதன் பின்னால்தான் வருகின்றன. அதை ஓட்டுகிற கை எந்தக் கை என்று உங்களுக்குத் தெரியும்! புது வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பழைய வண்டியை ஓட்டுகிறவன்தான் ஓட்டி!"

பந்தல் அதிர்ந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டினார். பின்னால் சோடா வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நைனா, ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களே என்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் சித்தப்பா. அவர் மட்டும் கைதட்டவில்லை. கட்சி தோற்கிற கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். தமிழையா எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எனக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். கொடுத்தது முதலாளிதான்.

மறுநாள் காலை சித்தப்பா ஷெட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை. நான் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன் வாயில மண்ணுதான் போடணும்" என்றார் என்னைப் பார்த்து.

"இன்னா சித்தப்பா, தோத்துட்ட கோவமா?"

"தோத்தது நானா, ஒன் நைனாவா? மொதலாளி காலங்காத்தால அண்ணன கூப்ட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஒம் பொண்ணு இன்னா போடு போட்டுச்சிப்பா நேத்து! கரெக்ட்டா சொல்ச்சி. புது வண்டிய யாரு வேணாலும் ஓட்டிக்குவான், சின்னவன்கிட்ட குடுத்துட்டேன். ஆனா அந்தப் பழய வண்டிய ஒன்ன வுட்டா ஓட்ட ஆளு கீதா? நீ எறங்கிட்டா அத்த ஓரங்கட்ட வேண்டியதுதான்' அப்டின்னாரு. எல்லார் முன்னாலயும் தோள்ல தட்டிக் குடுத்தாரும்மா. அந்தத் தோள்லயே!"

கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "வாய வெச்சிக்கினு சும்மா இரேண்டி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். சுவரில் சித்தப்பா ஒட்டிய நோட்டீஸ் அப்படியே இருந்தது. அவரே போய் அதைக் கிழித்தார். "அச்சுக்காரன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். "ஓட்டதான் கெடச்சிச்சி."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என் பேச்சை எடுத்து என் நைனா தலையிலேயே போட்டுவிட்டாரே இந்த மனுஷன் என்று கோபம். யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போனேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புது வண்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா வாயாடி" என்றார் சிரித்துக்கொண்டே.

"மொதலாளி, நேத்து நான் பேசினது சும்மா மேடைக்குப் பேசினது. நெசத்துல வண்டிதான் முக்கியம். நல்ல வண்டி இருந்தாத்தான் நல்ல டிரைவரு இன்னும் நல்லா ஓட்டுவாரு. புது வண்டிய எங்க நைனாவுக்கே குடுங்க."

"நேத்து ஒரு கட்சி, இன்னிக்கி ஒரு கட்சியா?" அவர் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. "இன்னாத்துக்குமா மாத்திப் பேசற? சொல்லு, கேப்போம்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு காரணம்தான், அதுதான் உண்மையான காரணம். "எங்க நைனா கை..." என்று ஆரம்பித்தே விட்டேன். சொன்னால் புது வண்டியும் போகும், பழைய வண்டியும் போகும். அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"தெரியுமேம்மா" என்றார் முதலாளி. "அது லேசான கையா?"

ஊரையே கைதட்ட வைத்தவள், மாலை கட்டுகிறவர்களைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் அழுதேன். மத்தியானம் நைனா சாப்பிட வந்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவரே கூப்பிட்டார். "நேத்து சொல்ல மறந்துட்டேம்மா. நல்லாப் பேசின" என்றார். குழம்பு ஊற்றச் சொன்னார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் என்னை அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, ஒரு பாட்டம் அழுது, அது அன்றோடு முடிந்திருக்கும். அவருக்கு அந்த வித்தை தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதற்குப் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் கார் பந்தயம் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சோழவரத்துக்கும் இரண்டு பேரும் போகவில்லை. கேட்டால், "லீவு கெடைக்கல" என்பார்கள். அந்தச் சண்டை இல்லாமல் வீடு என்னவோ போல இருந்தது.

ஐந்து வருஷம் போயிற்று. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் நைனா வண்டியில்தான் போவேன். சின்ன வயதில் அவருக்குப் பின் சீட்டுக்காகச் சண்டை போடுவேன். இப்போது கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்தால் அவர் வலது கை தெரியாது. வண்டிக்கு மட்டும் வருஷா வருஷம் ஏதோ ஒட்டுப் போட்டு, பெயிண்ட் அடித்து, ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. சான்று வாங்கி மறுபடி தெருவில் விட்டார்கள். நேரம் தவறாமல்தான் ஓடிற்று. ஜனங்கள் அவர் வண்டிக்காக நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸ் வண்டி ஓட்டுகிற சின்னவருக்குக் கல்யாணம். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நைனாவை அந்த வண்டியில் போகச் சொன்னார்கள். எனக்கு மெட்ராஸில் ஒரு வேலையும் இல்லை. புடவை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நானும் ஏறினேன். அன்றைக்கு முன் சீட்டில், அவருக்குப் பின்னால்.

மூன்று மணி நேரமும் அவரையே பார்த்துக்கொண்டு போனேன். முழங்கால் அதன் இடத்தில் சும்மா இருந்தது. கியர் போட்டால் போட்டபடி நின்றது. வண்டி தானாக நேராகப் போயிற்று. ஒரு கையைக் கொஞ்ச நேரம் தொடைமேல்கூட வைத்துக்கொண்டார். செங்கல்பட்டு தாண்டியதும் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். நைனா பாடி நான் கேட்டதே இல்லை. தாம்பரத்தில் இறங்கிய ஒருவர் கண்டக்டரிடம், "எக்ஸ்பிரஸ்னா இதான்யா எக்ஸ்பிரஸ்! இன்னா வண்டி!" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டியது யார் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நைனா காதிலும் விழுந்தது.

பிராட்வேயில் வண்டியை விட்டு இறங்கி டீ குடிக்கப் போனோம். நான் ஐந்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். "எப்டி நைனா கீது வண்டி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இதுல இன்னா கீது?" என்றார். "கைய வெச்சா அதும்பாட்டுக்குப் போவுது. இத்த ஓட்டிக்கினு இருந்திருந்தா என்ன எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? கேட்டியே, அந்தாளு வண்டியத்தான சொல்ட்டுப் போறான். நீ அன்னிக்குப் பேசனதுதாம்மா சரி. ஓட்டறவன்தான்."

மறுத்துப் பேச என்னிடம் விஷயம் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவருடைய சட்டை முதுகில் ஒரு பொட்டுக்கூட நனையவில்லை. வழக்கமாக நடை முடிந்தால் இடது கையால்தான் டீ குடிப்பார், வலது கை நடுங்கும். அன்றைக்கு வலது கையிலேயே கிளாஸைப் பிடித்திருந்தார். டீ ஆடவே இல்லை. தான் எந்தக் கையால் குடிக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆமா நைனா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டீ சொன்னேன்.